உலக மொழிப் பாடத்திட்டம்: மூன்றாம் இடம் யாருக்கு?

பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் வட்டாரத்தைச் சார்ந்த ஆஸ்டின் டவுனில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்குள்ள குழந்தைக்கு வீட்டில் தமிழும், கடைத்தெருவில் கன்னடமும் உருதுவும், பள்ளியில் ஆங்கிலமும் பழக்கமாகின்றன. இக்குழந்தைக்குப் பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் போன்ற உலக மொழியொன்றையும் கற்பிக்க விரும்பினால், அதற்குக் கால அட்டவணையில் எந்த இடத்தை ஒதுக்குவது? மொழிப் பாடத்திட்டம் வகுப்போர் முதலில் விடை காண வேண்டிய வினா இதுவே.

மும்மொழித் திட்டத்தின் வரலாறு

மத்தியக் கல்வி ஆலோசனைக் குழு 1956இல் பரிந்துரைத்த மும்மொழித் திட்டத்தை 1961இல் முதலமைச்சர்கள் மாநாடு ஏற்றது. கோத்தாரி கல்விக் குழு (1964-66) அதனைத் திருத்தியமைத்தது. 1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையிலும் அது இடம்பெற்றது. கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டம், கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கற்பிக்க வகை செய்தது. கற்கும் மூன்று மொழிகளுள் குறைந்தது இரண்டு இந்திய மொழிகளாக இருத்தல் வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் நெறி. கொரியன், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துகீசியம், ரஷ்யன் ஆகியவற்றை இடைநிலை வகுப்புகளில் கற்பிக்கலாம் என்றும் அது கூறுகிறது.

இந்நெறியைப் பின்பற்றும் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இரண்டு இடங்களைப் பெற்ற பின்னர், மூன்றாம் இடம் இந்திய மொழியொன்றுக்கே உரியதாகிறது. அதனைப் பிரெஞ்சுக்கு அளித்தால் இந்திய மொழி ஒன்றே எஞ்சும். மேலும், வீட்டில் பேசும் தமிழை எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பும் அக்குழந்தைக்குக் கிட்டாது போகலாம். ஆகவே, உலக மொழி கூடுதல் பாடமாக அமைவதே பொருத்தமாகும்.

காலமும் இலக்கும்

கூடுதல் பாடத்திற்குக் கிடைக்கும் நேரம் குறைவானதே. வாரத்திற்கு 40 நிமிட வகுப்புகள் 3 வீதம், ஆண்டில் 30 வாரங்கள் நடைபெறுவதாகக் கொள்வோம். ஓராண்டில் கிடைப்பது 60 மணி நேரம். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட வரையறை, மொழித்திறனை ஏ-1 முதல் சி-2 வரை ஆறு படிகளாகப் பகுக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டாம் படியான ஏ-2 நிலையை எய்த, ஆசிரியர் துணையுடன் ஏறத்தாழ 180 முதல் 200 மணி நேரம் தேவை என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீடு. இதே அளவைக் கொண்டால், அப்படியை எட்ட மூன்றாண்டுகளேனும் பயில வேண்டும். புதிய எழுத்து முறையையும் கற்க வேண்டிய ஜப்பானியத்திற்கு இன்னும் கூடுதல் காலம் வேண்டும்.

எனவே, 9, 10ஆம் வகுப்புகளில் மட்டும் கற்பிப்பதானால் இலக்கு எளியதாக இருத்தல் வேண்டும்: தன்னை அறிமுகம் செய்தல், விலை கேட்டல், அறிவிப்பைப் படித்துணர்தல், சிறு கடிதம் எழுதுதல். இலக்கணத்தை மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் வழங்கும் தேர்வு இத்திறன்களை அளவிடாது. பேச்சுக்கும் கேட்டலுக்கும் தேர்வில் இடம் வேண்டும்.

தொடர்ச்சியின் இன்றியமையாமை

கேந்திரிய வித்யாலயாக்களில், 2011இல் செய்துகொண்ட உடன்பாட்டின் அடிப்படையில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் ஜெர்மன் மூன்றாம் மொழியாகக் கற்பிக்கப்பட்டது. மும்மொழித் திட்டத்திற்கு அது பொருந்தாது என்று 2014 நவம்பரில் முடிவு செய்யப்பட்டு, கல்வியாண்டின் இடையிலேயே மாற்றம் வந்தது. முடிவின் தகுதி எவ்வாறாயினும், மாணவரும் பெற்றோரும் ஆசிரியரும் இன்னலுற்றனர். கொள்கைக்கு இயைந்த இடத்தைத் தொடக்கத்திலேயே தேர்ந்திருந்தால் இதனைத் தவிர்த்திருக்கலாம்.

ஆசிரியர் கிடைப்பதும் தொடர்ச்சிக்கு அடிப்படையாகும். ஒரு பள்ளி தனியே முழுநேர ஆசிரியரை அமர்த்த இயலாவிடில், அண்டைப் பள்ளிகள் சில கூடி ஒருவரை அமர்த்தலாம். பெங்களூரில் இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸ், மாக்ஸ் முல்லர் பவன் போன்ற நிறுவனங்களின் துணையை ஆசிரியர் பயிற்சிக்கு நாடலாம்.

ஆஸ்டின் டவுன் குழந்தை பள்ளிக்கு வரும்போதே பன்மொழிப் பழக்கத்துடன் வருகிறது. அம்முதலைப் பேணி, அதன்மேல் புதிய மொழியைச் சேர்ப்பதே நல்ல பாடத்திட்டம். வீட்டு மொழியை விலையாகக் கொடுத்து உலக மொழியைப் பெறுவது வளர்ச்சியாகாது.