மிட்டுடோயோ நிறுவனம்

மிட்டுடோயோ என்பது துல்லிய அளவுக் கருவிகளைத் தயாரிக்கும் ஜப்பானிய நிறுவனம் ஆகும். இதன் தலைமையகம் தோக்கியோவை அடுத்த கவாசாகி நகரில் உள்ளது. யெஹான் நுமாட்டா (1897–1994) என்பவர் 1934 ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். மைக்ரோமீட்டர் என்னும் ஒரே ஒரு கைக்கருவியைச் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், பின்னர் வெர்னியர் அளவி, டயல் கேஜ், கேஜ் பிளாக், உயர அளவி, முப்பரிமாண அளவு எந்திரம் என அளவியலின் எல்லாத் துறைகளிலும் கால்பதித்தது. லேத் பட்டறைகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் வேலை பழகியவர்கள் பலருக்கு இது நன்கு அறிமுகமான பெயர்.

இந்நிறுவனத்தின் வரலாறு இரண்டு காரணங்களால் கவனத்துக்குரியது. பௌத்த அறப்பணிக்குப் பொருள் தேடும் நோக்கத்துடன் தொடங்கப்பட்ட தொழில் இது. அதே நிறுவனம் 2000களில், தன் எந்திரங்களின் துல்லியத்தைப் பற்றியே பொய்க்கணக்குக் காட்டிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டது.

பெயர்

ஜப்பானிய மொழியில் இப்பெயரின் ஒலிப்பு 'மிட்சுதோயோ' என்பதாகும். மூன்று, செழிப்பு ஆகிய பொருள்களைத் தரும் இரண்டு எழுத்துகளால் இது எழுதப்பட்டது. ஜப்பானிய மொழியை உரோமன் எழுத்துகளில் எழுதும் முறைகளுள் ஒன்றில் 'சு' ஒலி 'டு' என்பதுபோல் எழுதப்படும். நிறுவனம் அம்முறையையே பின்பற்றியதால், பிற நாட்டினர் கருவியில் பொறித்திருப்பதைப் பார்த்து 'மிட்டுடோயோ' என்று வாசிக்கத் தொடங்கினர். தமிழ்நாட்டிலும் அதுவே வழக்காகிவிட்டது.

நிறுவனர்

நுமாட்டா ஹிரோஷிமா மாவட்டத்தில் ஒரு பௌத்தக் கோயில் குருவின் மகனாக 1897 இல் பிறந்தார். குடும்பம் ஜோதோ ஷின்ஷூ எனப்படும் தூய நில பௌத்தப் பிரிவைச் சேர்ந்தது. இளம் வயதிலேயே கல்விக்காகவும் சமயப் பணிக்காகவும் அமெரிக்கா சென்றார். அங்கு காசநோய்க்கு ஆளாகி மீண்டார். பின்னர் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெற்றார்.

ஆசியப் பண்பாட்டையும் பௌத்தத்தையும் அமெரிக்கர்களுக்கு அறிமுகப்படுத்தும் நோக்கத்துடன், மாணவராக இருந்தபோதே 1925 இல் 'தி பசிபிக் வேர்ல்ட்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் பணமின்மையால் இதழ் நின்றது. நல்ல பணி நிலைக்க வேண்டுமானால் அதற்கு நிலையான வருவாய் வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது இந்த அனுபவத்தால்தான். நன்கொடையை மட்டும் நம்பாமல், தானே ஒரு தொழில் நடத்தி அதன் வருவாயைக் கொண்டு சமயப் பணி செய்ய விரும்பினார்.

1930 இல் ஜப்பான் திரும்பிய நுமாட்டா அரசுத் துறையில் புள்ளியியல் அலுவலராகப் பணியாற்றினார். அக்காலத்தில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் மைக்ரோமீட்டருக்கு வெளிநாட்டு இறக்குமதியையே நம்பியிருந்தன. அதை உள்நாட்டிலேயே செய்வதெனத் துணிந்து, 1934 இல் தோக்கியோவில் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். அவர் எந்திரப் பொறியியல் படித்தவர் அல்லர்.

மைக்ரோமீட்டர் செய்வதன் கடினம்

பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் உள்ள திருகு அளவியும் பட்டறை மைக்ரோமீட்டரும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. திருகு ஒரு முழுச் சுற்று சுற்றும்போது முன்னோக்கி நகரும் தூரம் புரியிடைத் தூரம் எனப்படும். பட்டறை மைக்ரோமீட்டரில் இது பொதுவாக 0.5 மில்லிமீட்டர். திம்பிள் எனப்படும் சுழலும் உறையின் விளிம்பில் 50 பிரிவுகள் இருக்கும். ஆகவே ஒரு பிரிவு நகர்ந்தால் திருகு 0.5 ÷ 50 = 0.01 மில்லிமீட்டர் நகர்கிறது. இதுவே கருவியின் மீச்சிற்றளவு. சாதாரண எழுதுதாள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் என்பதால், அதில் பத்தில் ஒரு பங்கை இக்கருவி காட்டும்.

எடுத்துக்காட்டாக, நிலையான உறையில் 7.5 மில்லிமீட்டர் கோடு தெரிந்து, திம்பிளின் 23 ஆம் பிரிவு அடிக்கோட்டுடன் ஒன்றினால், அளவு 7.5 + 0.23 = 7.73 மில்லிமீட்டர் ஆகும்.

இத்தத்துவம் புதிதன்று. பாரிசைச் சேர்ந்த ழான் லொரான் பால்மர் 1848 இலேயே கையடக்கமான திருகு அளவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அமெரிக்காவில் பிரௌன் அண்ட் ஷார்ப், ஸ்டாரெட் ஆகிய நிறுவனங்கள் அதை மேம்படுத்திப் பட்டறைக் கருவியாக்கின. தத்துவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைச் செய்து முடிப்பதுதான் கடினம்.

மைக்ரோமீட்டரின் திருகுப்புரி அதன் முழு நீளத்துக்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். புரி எங்காவது நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கருவி அந்த இடத்தில் தவறான அளவைக் காட்டும். எஃகை வெப்பப் பதப்படுத்தினால்தான் தேய்மானத்தைத் தாங்கும். ஆனால் பதப்படுத்தும்போது எஃகு சற்றே கோணும். எனவே பதப்படுத்திய பின் மீண்டும் சாணை பிடித்துச் சரிசெய்ய வேண்டும். அளவிடும் இரு முகங்களும் தட்டையாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் சரிபார்க்க, செய்யப்படும் கருவியைவிடத் துல்லியமான வேறு கருவிகள் வேண்டும். அவை இல்லாத நாட்டில் முதல் மைக்ரோமீட்டரைச் செய்வது எளிதன்று. நுமாட்டாவின் கூடத்தில் விற்பனைக்கேற்ற மைக்ரோமீட்டர் உருவாக ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. 1937 இல் அது சந்தைக்கு வந்தது.

போர்க்காலமும் அதன் பின்னும்

1940களின் தொடக்கத்தில் நிறுவனம் கவாசாகியிலும் பின்னர் உட்சுனோமியாவிலும் ஆலைகளைக் கொண்டிருந்தது. போர்த் தளவாட உற்பத்தியால் அளவுக் கருவிகளின் தேவை பெருகியிருந்த காலம் அது. பௌத்தப் பணிக்குப் பொருள் தேடும் நோக்கத்துடன் தோன்றிய தொழில், தன் தொடக்க ஆண்டுகளிலேயே போர்ப் பொருளாதாரத்துக்குள் இயங்க நேர்ந்தது.

1945 இல் போர் முடிந்தபின் நிறுவனம் மீண்டும் தொழிலைக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. மைக்ரோமீட்டருடன் நிற்காமல் 1949 இல் வெர்னியர் அளவிகளையும், தொடர்ந்து டயல் கேஜ்களையும் தயாரிக்கத் தொடங்கியது. ஜப்பானில் கார், தையல் எந்திரம், ஒளிப்படக் கருவி ஆகியவற்றின் உற்பத்தி வளர்ந்தபோது அளவுக் கருவிகளின் தேவையும் வளர்ந்தது. எங்கோ செய்த ஒரு பாகம் வேறெங்கோ செய்த மற்றொரு பாகத்துடன் அரம் போடாமல் பொருந்த வேண்டுமானால், இரண்டு இடங்களிலும் அளவுகள் ஒத்திருக்க வேண்டும். பெருந்தொழில்களின் அடிப்படையே இதுதான்.

1963 இல் அமெரிக்காவில் கிளை நிறுவனம் தொடங்கப்பட்டது. ஒரு காலத்தில் அமெரிக்க மைக்ரோமீட்டரை இறக்குமதி செய்த நாடு, அமெரிக்காவுக்கே மைக்ரோமீட்டரை விற்கத் தொடங்கியது. 1960களின் பிற்பகுதியில் முப்பரிமாண அளவு எந்திரங்களின் உற்பத்தி தொடங்கியது. பட்டறை வழக்கில் சி.எம்.எம். எனப்படும் இவ்வெந்திரம், ஒரு பொருளின் மீது நுண்முனை ஒன்றைத் தொட்டுத் தொட்டு நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியின் இருப்பிடத்தையும் மூன்று அச்சுகளில் பதிவு செய்யும். பின்னர் எண்ணால் அளவைக் காட்டும் மின்னணு வெர்னியர்களும் மைக்ரோமீட்டர்களும் பரவலாயின. 1987 இல் நிறுவனம் தன் பெயரை மிட்டுடோயோ கார்ப்பரேஷன் என மாற்றிக்கொண்டது.

வருவாயும் அறப்பணியும்

தொழில் நிலைபெற்றபின் நுமாட்டா தன் பழைய நோக்கத்துக்குத் திரும்பினார். 1965 இல் 'புக்கியோ தெந்தோ கியோக்காய்' என்னும் பௌத்தப் பரப்புநர் அமைப்பை நிறுவினார். 'புத்தரின் போதனை' என்ற பொருளுடைய சிறுநூலை இவ்வமைப்பு 40க்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியிட்டு, தங்கும் விடுதி அறைகளில் இலவசமாக வைத்து வருகிறது.

1982 இல் இதைவிடப் பெரிய பணி ஒன்று தொடங்கியது. 100 தொகுதிகள் கொண்ட தைஷோ திரிபிடகம் என்னும் சீன மொழி பௌத்தத் தொகுப்பை ஆங்கிலத்தில் பெயர்க்கும் திட்டம் அது. மூல மொழியில் அழிந்துபோன பல இந்திய நூல்கள் சீன மொழிபெயர்ப்பில்தான் எஞ்சியுள்ளன. காஞ்சிபுரத்துடன் தொடர்புடையவர்களாகக் கருதப்படும் திக்நாகர், தருமபாலர் ஆகிய பௌத்த அறிஞர்களின் நூல்களும் சீன மொழியில் பாதுகாக்கப்பட்டவற்றுள் அடங்கும். எனவே தமிழக வரலாற்றில் ஆர்வம் உடையவர்களுக்கும் இத்திட்டம் பயனுடையது. பெர்க்கிலி, ஹார்வர்டு உள்ளிட்ட பல்கலைக்கழகங்களில் நுமாட்டாவின் பெயரால் பௌத்தவியல் இருக்கைகளும் அமைக்கப்பட்டன. பணமின்றி நின்றுபோன 'தி பசிபிக் வேர்ல்ட்' 1980களில் ஆய்விதழாக மீண்டும் வெளிவந்தது. நுமாட்டா 1994 இல் தம் 97 ஆம் வயதில் காலமானார்.

ஏற்றுமதி வழக்கு

மிகத் துல்லியமான முப்பரிமாண அளவு எந்திரங்கள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு எந்திரங்களின் பாகங்களைச் சரிபார்க்கவும் இவை பயன்படும் என்பதே காரணம். குறிப்பிட்ட வரம்பைவிடத் துல்லியமான எந்திரத்தை அனுப்ப ஜப்பான் அரசின் அனுமதி வேண்டும்.

2003 டிசம்பரில் லிபியா தன் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. அதன்பின் அங்கு சென்ற பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் மிட்டுடோயோவின் அளவு எந்திரம் ஒன்றைக் கண்டனர். 2001 இல் மலேசியாவுக்கு உரிய அனுமதியின்றி எந்திரங்கள் அனுப்பப்பட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 2006 ஆகஸ்டில் நிறுவனத்தின் தலைவர் உள்ளிட்ட உயர் அலுவலர்கள் கைது செய்யப்பட்டனர். கட்டுப்பாட்டு வரம்புக்குள் வராதவாறு, எந்திரங்களின் துல்லியம் உண்மையைவிடக் குறைவானது எனக் காட்டப்பட்டிருந்ததே வழக்கின் மையம். 2007 இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்து நிறுவனத்துக்கு அபராதம் விதித்தது. அலுவலர்களுக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை வழங்கப்பட்டது. அரசும் ஏற்றுமதித் தடை விதித்தது.

அளவுக் கருவி செய்பவரின் முதலீடு நம்பிக்கை. கருவி காட்டும் எண்ணை வாங்கியவர் நம்புகிறார். தன் கருவியைப் பற்றி அதைச் செய்தவர் சொல்லும் எண்ணை அரசு நம்புகிறது. முதல் வகை எண்ணில் பெயர் பெற்ற நிறுவனம் இரண்டாம் வகை எண்ணில் தவறியது. அதன் வரலாற்றில் மிகப் பெரிய களங்கமாக இவ்வழக்கு நிலைத்துவிட்டது.

கருவியின் நம்பகமும் போலிகளும்

மைக்ரோமீட்டர் நல்ல நிறுவனத்தின் தயாரிப்பு என்பதாலேயே எப்போதும் சரியான அளவைக் காட்டிவிடாது. பயன்படுத்தும் முறையிலும் கவனம் வேண்டும்.

• சுழிப்பிழை: இரு முகங்களையும் துடைத்து ஒன்றோடொன்று சேர்த்து, சுழி சரியாக உள்ளதா என ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் பார்க்க வேண்டும்.

• அழுத்தம்: பின்முனையில் உள்ள ராட்செட் குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் நழுவிச் சுழலும். அதைத் தவிர்த்து திம்பிளை இறுக்கித் திருகினால் அளவு குறைவாகக் காட்டும்; திருகும் கெடும்.

• வெப்பம்: நீள அளவுகளுக்கான அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என 1931 இல் பன்னாட்டளவில் ஏற்கப்பட்டது. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு, வெப்பநிலை 15 டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழ 0.017 மில்லிமீட்டர் நீளும். தேனி மாவட்டத்தின் கோடையில், லேத்தில் கடைந்த சூட்டோடு ஒரு தண்டை அளந்தால், ஆறிய பின் அதே தண்டு வேறு அளவைக் காட்டும். பொருளும் கருவியும் ஒரே வெப்பநிலைக்கு வந்தபின் அளப்பதே முறை.

• அளவொப்பீடு: பட்டறைக் கருவியைக் கேஜ் பிளாக்குடனும், கேஜ் பிளாக்கை ஏற்பு பெற்ற ஆய்வகத்தின் அளவுடனும் ஒப்பிடுவார்கள். இச்சங்கிலி இந்தியாவில் புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் மூல அளவில் போய் முடிகிறது.

இப்பெயரின் புகழே போலிகளுக்கும் வழிவகுத்துள்ளது. பெயரும் பெட்டியும் ஒன்றுபோலவே இருக்கும் போலி வெர்னியர்கள் உலகச் சந்தைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மங்கலான பொறிப்பு, சீரற்ற நகர்வு, முகங்களை மூடி வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும் இடைவெளி ஆகியவை ஐயத்துக்கு இடமானவை. அளவு தெரிந்த கேஜ் பிளாக்கை அளந்து பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. அப்போது பெயர் எதுவாயினும் கருவியின் உண்மை வெளிப்பட்டுவிடும்.

இன்றைய நிலை

மிட்டுடோயோ இன்று உலகின் முன்னணி அளவியல் நிறுவனங்களுள் ஒன்றாக உள்ளது. இந்தியாவில் புதுதில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட கிளை நிறுவனம் வழியாக விற்பனையும் பழுதுநீக்கமும் நடைபெறுகின்றன. கணினியுடன் இணைந்த அளவு எந்திரங்கள் பெருகிவிட்டபோதிலும், 1937 இல் சந்தைக்கு வந்த கருவியின் அதே தத்துவத்தில் இயங்கும் மைக்ரோமீட்டர் இன்றும் தயாரிப்பில் உள்ளது.