மேலிருந்து பார்ப்பவர்கள்

'படம் பொய் சொல்லாதுங்க' என்பார்கள். சரி, யாருடைய படம்? 1972 ஜூலையில் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட், பூமியைப் 'படம் பிடித்தது' என்பதே அரைகுறை உண்மை. தரையிலிருந்து திரும்பும் ஒளியை நான்கு அலைவரிசைகளில் அளந்து எண்களாக அனுப்பியது, அவ்வளவுதான். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக்கு நாம்தான் சிவப்பைப் பூசுகிறோம். பச்சைக் காடு ரத்தமாய் விரிகிறது. ஒரு புள்ளி சுமார் 80 மீட்டர். குடிசை தெரியாது.

பார்க்கப்படும் நாட்டின் முன்அனுமதி வேண்டும் என்று லத்தீன் அமெரிக்க நாடுகள் ஐ.நா.வில் வாதாடின. 1986இல் ஏற்கப்பட்ட கோட்பாடுகளில் அனுமதி என்ற பேச்சே இல்லை. தன் நிலத்தைப் பற்றிய தகவலை அந்நாடு 'நியாயமான விலை'க்குப் பெறலாம். அதாவது, என் வீட்டை எட்டிப் பார்த்தவனிடம் நானே காசு கொடுத்து வாங்கணும்! 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் விற்பனை தனியார் கைக்குப் போனது. ஒரு படம் 4,000 டாலரைத் தாண்டியது. 2008இல்தான் சேமிப்பு முழுவதையும் இலவசமாக்கினார்கள்.

ஆனால் விஷயம் இத்தோடு முடியவில்லை. பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல், பெரும்பாலும் இதே லேண்ட்சாட் படங்களை வைத்து, அமேசான் காடழிப்பை ஆண்டுதோறும் கணக்கிட்டு வருகிறது. அந்நியக் கண் சொந்த அரசுக்கு எதிரான சாட்சியானது. 2019இல் நிறுவனம் வெளியிட்ட காடழிப்பு எண்களை ஜனாதிபதி பொல்சொனாரோ பொய் என்றார். எண்களைவிட்டு நகர மறுத்த இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவோ ஆகஸ்டில் பதவி இழந்தார்.