'அம்மா'வுக்கு 40 அறைகள்

இரண்டு பென் டிரைவ்கள். ஒன்று காலி. இன்னொன்றில் ஆயிரம் படங்கள், நூறு பாட்டுகள். எது கனமாக இருக்கும்?

"நிறைந்ததுதான்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் தராசில் வைத்தால் இரண்டும் ஒரே எடைதான் காட்டும். படமோ பாட்டோ கணினியிலிருந்து கிளம்பி வந்து பென் டிரைவில் குடியேறுவதில்லை. உள்ளே ஏற்கெனவே இருக்கும் எலக்ட்ரான்கள் கொஞ்சம் இடம் மாறி உட்காருகின்றன, அவ்வளவுதான். அவை எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் உங்கள் படமும் பாட்டும்.

பென் டிரைவை உடைக்காமலே உள்ளே போய்ப் பார்ப்போமா?

கதவே இல்லாத அறைகள்

அந்தச் சின்னப் பட்டைக்குள் முக்கியமான வேலைக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் சேமிக்கும் சிப். மற்றவர் அதை மேய்க்கும் கன்ட்ரோலர்.

சேமிக்கும் சிப்பில் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையைச் சுற்றியும் சிலிக்கான் டை ஆக்சைடு சுவர். மணலிலும் கண்ணாடியிலும் இருப்பது இதே பொருள்தான், மின்சாரத்தைக் கடத்தாது. சுவரின் தடிமன் 10 நானோமீட்டர்கூட இருக்காது. நம் தலைமுடி அதைவிடப் பல ஆயிரம் மடங்கு தடிமன்!

அறைக்குக் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. அப்படியானால் எலக்ட்ரான் எப்படி உள்ளே போகும்? கணினி கொடுப்பது 5 வோல்ட். சிப் அதைத் தனக்குள்ளேயே 20 வோல்ட் அளவுக்கு உயர்த்திக்கொள்கிறது. அந்த அழுத்தத்தில் எலக்ட்ரான்கள் சுவரை ஊடுருவி உள்ளே போய்விடுகின்றன. சுவரில் ஓட்டை எதுவும் விழாது. மிக மெல்லிய தடுப்புகளை எலக்ட்ரான்களால் இப்படிக் கடக்க முடியும். குவான்டம் டனலிங் என்பது இந்த வித்தையின் பெயர்.

அழுத்தத்தை எடுத்துவிட்டால்? உள்ளே போனவை எளிதில் வெளியே வர முடியாது. மின்சாரம் இல்லாமலே பென் டிரைவ் மாதக்கணக்கில் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பது இதனால்தான்.

இப்படி எலக்ட்ரானைச் சிறை வைக்கும் அமைப்பை 1967-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சீ என்ற இருவர் உருவாக்கினார்கள். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா அதை வளர்த்தெடுத்து, 1984-ல் ஃபிளாஷ் மெமரியை உலகுக்கு அறிவித்தார். பென் டிரைவ், மெமரி கார்டு, செல்போன் எல்லாவற்றிலும் இன்று இருப்பது அதன் வாரிசுதான்.

ஒரு சொல், 40 அறைகள்

பழைய சிப்புகளில் ஓர் அறையில் எலக்ட்ரான் கூட்டம் இருந்தால் 0, இல்லாவிட்டால் 1. இதற்கு ஒரு பிட் என்று பெயர். இப்போதைய சிப்புகள் பலவற்றில், கூட்டம் எவ்வளவு என்பதையும் எட்டு அளவுகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். அதனால் ஓர் அறையிலேயே மூன்று பிட் அடங்கிவிடுகிறது.

சரி, 'அம்மா' என்று எழுத எத்தனை அறைகள் வேண்டும்? நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறிகள். யுடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆக 15 பைட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்றால் 120 பிட். அறைக்கு மூன்று பிட் வீதம் 40 அறைகள்!

32 ஜிபி பென் டிரைவில் 'அம்மா'வை இடைவெளி விடாமல் எழுதிக்கொண்டே போனால், ஏறக்குறைய 213 கோடி முறை எழுதலாம்.

2000-ஆம் ஆண்டில் பென் டிரைவ் முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது அதன் கொள்ளளவு 8 எம்பி. இன்றைய செல்போன் படம் இரண்டு மூன்று வைத்தாலே நிரம்பிவிடும். அதற்கு முன்பு எல்லோரும் வைத்திருந்த ஃபிளாப்பி வட்டில் 1.44 எம்பி மட்டுமே. இன்னும் பின்னால் போனால், 1956-ல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியின் வட்டுப் பெட்டியில் 50 பெரிய வட்டுகள் சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு வெறும் 5 எம்பி அளவுதான்!

சொருகியதும் நடக்கும் விசாரணை

பென் டிரைவின் வாய்ப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள். நான்கு தகடுகள் தெரிகின்றனவா? ஓரத்தில் இருக்கும் இரண்டும் நடுவில் இருப்பவற்றைவிடச் சற்று நீளம். ஓரத் தகடுகள் மின்சாரத்துக்கு. நடுத் தகடுகள் தகவலுக்கு. சொருகும்போது மின்சாரம் முதலில் தொட வேண்டும், தகவல் பிறகு. எடுக்கும்போது தகவல் முதலில் விலக வேண்டும். அதற்குத்தான் இந்த நீள வித்தியாசம்.

மின்சாரம் வந்ததும் கணினி கேட்கும் முதல் கேள்வி, "நீ யார்?" பென் டிரைவ் தன் வகை எண்ணைச் சொல்லும். சேமிப்புக் கருவிகளுக்கு 08. கீபோர்டு, மவுஸ் போன்றவற்றுக்கு 03. எந்த எண் வருகிறதோ அதற்கேற்ப கணினி நடந்துகொள்ளும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பார்த்தால் பென் டிரைவ் மாதிரியே இருக்கும் ஒரு கருவி, "நான் கீபோர்டு" என்று பொய் சொன்னால்? கணினி நம்பிவிடும். அந்தக் கருவி தானாகவே கட்டளைகளைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிடும். நிஜமாகவே இப்படிப்பட்ட கருவிகள் இருக்கின்றன. எனவே தெருவில் கிடந்த பென் டிரைவை, "உள்ளே என்ன இருக்கும்?" என்ற ஆசையில் கணினியில் சொருகிவிடாதீர்கள்.

அறைகளும் பட்டியலும்

அறைகளில் எழுதினால் மட்டும் போதாது. எந்த ஃபைல் எந்த அறைகளில் இருக்கிறது என்று ஒரு பட்டியலும் வேண்டும். அந்தப் பட்டியலும் பென் டிரைவிலேயே ஓரிடத்தில் இருக்கிறது. அறைகள் வேறு, பட்டியல் வேறு என்பதைப் பிடித்துக்கொண்டால், பல கேள்விகளுக்கு விடை தானாகவே வந்துவிடும்.

ஒரு சினிமாவைக் காப்பி செய்யச் சில நிமிடம் ஆகிறது. டெலிட் செய்தால் ஒரு நொடியில் போய்விடுகிறது. ஏன்? காப்பி செய்யும்போது கோடிக்கணக்கான அறைகளில் எழுத வேண்டும். டெலிட் செய்யும்போது பட்டியலில் மட்டும், "இந்த அறைகளை வேறு யாருக்காவது கொடுக்கலாம்" என்று குறித்தால் போதும். எலக்ட்ரான்கள் அசையாமல் அங்கேயேதான் இருக்கும்!

அதனால்தான் தெரியாமல் டெலிட் செய்த படத்தைச் சில மென்பொருள்களால் மீட்க முடிகிறது. ஒரே நிபந்தனை, அதன் பிறகு அந்தப் பென் டிரைவில் வேறு எதையும் எழுதியிருக்கக் கூடாது. விண்டோஸ் கணினியில், பென் டிரைவிலிருந்து டெலிட் செய்தவை பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது என்பதால், டெலிட் பட்டனைத் தொடும் முன் ஒரு தடவை யோசியுங்கள்.

ஜெராக்ஸ் கடையில் புராஜெக்ட் பிரின்ட் எடுத்ததும், 'எஜெக்ட்' கொடுக்காமல் வெடுக்கென்று பிடுங்குகிறோமே, அப்போது என்ன நடக்கலாம்? திரையில் வேலை முடிந்ததுபோலத் தெரிந்தாலும், கணினி சில தகவல்களைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு சற்றுத் தாமதமாக எழுதக்கூடும். அறைகளில் எழுதி முடித்து, பட்டியலைத் திருத்தும் நேரத்தில் பிடுங்கினால் பட்டியல் பாதியில் நிற்கும். ஃபைல் அறைகளில் பத்திரமாக இருந்தும், அதற்கு வழி சொல்ல ஆள் இருக்காது. எஜெக்ட் என்பது கணினியிடம், "பாக்கி ஏதாவது இருந்தால் எழுதி முடித்துவிடு" என்று சொல்வதுதான்.

2.2 ஜிபி எங்கே போச்சு?

32 ஜிபி என்று வாங்கிய பென் டிரைவ், விண்டோஸ் கணினியில் 29.8 ஜிபி என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இல்லை. தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024 × 1024 × 1024 பைட்டை, அதாவது ஏறக்குறைய 107 கோடி பைட்டை, ஒரு ஜிபி என்கிறது. 3,200 கோடியை அதனால் வகுத்துப் பாருங்கள், 29.8 வரும். பைட் ஒன்றுகூடத் தொலையவில்லை.

அறைகளுக்கும் வயதாகும்

ஒவ்வொரு முறை எலக்ட்ரான்கள் சுவரை ஊடுருவும்போதும் சுவர் கொஞ்சம் பழுதாகிறது. மூன்று பிட் அறைகள், ஆயிரம் சொச்சம் தடவை அழித்து எழுதினாலே தளர்ந்துவிடலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்த இடம் மட்டும் சீக்கிரம் கெட்டுவிடும் அல்லவா? அதனால் கன்ட்ரோலர் வேலையை எல்லாப் பக்கமும் பங்கிட்டுக் கொடுக்க முயல்கிறது.

சும்மா வைத்திருந்தாலும், வருடக்கணக்கில் எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். வெயில் பட்டால் கசிவு வேகமாகும். ஆகவே பென் டிரைவை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். முக்கியமான படங்களுக்கு இன்னொரு இடத்திலும் ஒரு காப்பி இருக்கட்டும்.

செய்து பாருங்கள்

விண்டோஸ் கணினியில் நோட்பேடைத் திறந்து 'அம்மா' என்று மட்டும் தட்டச்சு செய்யுங்கள். என்கோடிங் இடத்தில் யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்து, பென் டிரைவில் சேமியுங்கள். அந்த ஃபைலின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். 'சைஸ்' 15 பைட் என்று இருக்கும். நம் கணக்கு சரி!

அதன் கீழேயே 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று ஆயிரக்கணக்கில் ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு பைட்டுக்கும் தனித்தனி முகவரி எழுதினால் பட்டியலே பென் டிரைவை நிரப்பிவிடும். அதனால் அறைகளை மொத்தம் மொத்தமாகத்தான் பிரித்துக் கொடுக்கிறது கணினி. 'அம்மா'வுக்குத் தேவை 40 அறைகள்தான்; கிடைத்திருப்பதோ ஒரு முழுத் தொகுதி.

அடுத்து, 'கொக்கு' என்று எழுதிச் சேமியுங்கள். எத்தனை பைட் வரும்? க, ஒற்றைக்கொம்பு, துணைக்கால், க, புள்ளி, க, உகரக் குறி என்று ஏழு குறிகளாக எண்ணினால் 21 பைட். கணினி சொல்வது 18. ஒரு குறி எங்கே குறைந்தது? கண்டுபிடித்தபின், உங்கள் பெயருக்கு எத்தனை பைட் என்று தாளில் கணக்குப் போட்டு, கணினியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

(விடை: 'கொ'வில் இருக்கும் கொம்பையும் காலையும் சேர்த்துக் கணினி ஒரே குறியாக எண்ணுகிறது.)