ஒரே உருண்டை, பல குலம்

1890இல் நெதர்லாந்து அறிஞர் மார்டினஸ் பெயெரிங்க், டெல்ஃப்ட் அருகேயுள்ள குளத்திலிருந்து பிரித்தெடுத்த பச்சைப்பாசிக்கு 'குளோரெல்லா வல்காரிஸ்' என்று பெயரிட்டார். வாலோ முள்ளோ இல்லாத, சில மைக்ரான் அளவுள்ள வெறும் உருண்டை. அதன்பின் உலகெங்கும் கிடைத்த பச்சை உருண்டைகளையெல்லாம் குளோரெல்லா பேரினத்திலேயே சேர்த்தார்கள். மரபணுக்களை ஒப்பிட்ட 1999ஆம் ஆண்டு ஆய்வு அந்தக் கூட்டத்தையே கலைத்துவிட்டது. அவற்றில் பல நெருங்கிய உறவே இல்லை. இரண்டு வெவ்வேறு வகுப்புகளைச் சேர்ந்தவை!

நுண்ணோக்கி காட்டாத இந்த வேறுபாட்டை டி.என்.ஏ. காட்டிவிடுகிறது. குளத்து நீரை நுண்துளை வடிதாளில் வடிகட்டி, தங்கிய செல்களை உடைத்து டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். ஒரு குழுவின் எல்லாப் பாசிகளிலும் இருந்தும் இனத்துக்கு இனம் சற்றே மாறும் ஒரு மரபணுத் துண்டை பி.சி.ஆர். மூலம் பெருக்குகிறார்கள். பச்சைப்பாசிகளுக்கு 18எஸ் என்ற மரபணு, நீலப்பச்சைப்பாசிகளுக்கு 16எஸ், டயட்டம் என்னும் பாசிகளுக்குப் பெரும்பாலும் ஆர்பிசிஎல். கிடைக்கும் வரிசைகளைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால், குளத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியவரும்.

இது பட்டியல் போடும் வேலை மட்டுமல்ல. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியின் பாசி நஞ்சு குடிநீரில் கலந்ததால், அமெரிக்காவின் டொலிடோ பகுதியில் நான்கு லட்சம் பேருக்குக் குழாய்நீர் ஆகாது என்று அறிவிக்க நேர்ந்தது. காய்ச்சினாலும் அழியாத நஞ்சு அது. மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப்பாசியில் அதைச் சுரக்கும் வகையும் சுரக்காத வகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நஞ்சை உண்டாக்கும் மரபணு இருக்கிறதா என்று தேடினால்தான் ஆபத்தை முன்கூட்டியே அறியலாம்.

ஆனால் டி.என்.ஏ.வுக்கும் எல்லை உண்டு. ஓர் இனத்தின் செல்லில் இனங்காண உதவும் மரபணுவுக்குச் சில நகல்களே இருக்கும். இன்னொன்றில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே வரிசைகளின் எண்ணிக்கை செல்களின் எண்ணிக்கை ஆகாது. அதைவிட முக்கியமாக, தரவுத்தளத்தில் இல்லாத பாசிக்கு எந்த இயந்திரமும் பெயர் சொல்லாது.

பாசிகளுக்கு அப்படிப் பெயர் தந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். தென்னிந்திய நீர்நிலைகளின் வால்வாக்ஸ் பாசிக் குடும்பத்தை ஆராய்ந்தவர் எம்.ஓ.பி. அய்யங்கார். 1959இல் நீலப்பச்சைப்பாசிகளுக்குப் பெருநூல் தந்தவர் அவருடைய மாணவர் டி.வி. தேசிகாச்சாரி. அவர்கள் விவரித்த பாசிகளை நம் குளங்களில் மீண்டும் தேடி, வளர்த்து, அவற்றின் டி.என்.ஏ.வைப் பதிவுசெய்ய வேண்டும். செல்லைக் கண்ணால் பார்த்து இனம் சொல்லத் தெரிந்தவர்களை வளர்க்காமல் கருவிகளை மட்டும் வாங்கினால், நம் குளத்து உயிர்கள் 'அடையாளம் தெரியாதவை' என்ற வரியிலேயே நின்றுவிடும்.