இன்னும் 13 செண்டிமீட்டர் வேண்டும்

என் சித்தப்பா கிள்ளானில் கணித டியூசன் ஆசிரியர். எஸ்பிஎம் மாணவர்களுக்கு வீடு வீடாகச் சென்று பாடம் நடத்துகிறார். 24 வயதில் நடந்த மோட்டார்சைக்கிள் விபத்துக்குப் பிறகு அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கையால் ஓட்டும் கருவி பொருத்திய சிறிய காரில்தான் பதினெட்டு ஆண்டுகளாக அவருடைய தொழில் நடக்கிறது.

கடந்த தீபாவளியன்று காலையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். சித்தப்பா இடது கையில் கரண்டியைப் பிடித்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். வலது தோளைத் தூக்க முடியவில்லை. "டாக்டர் தோளுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்றாரு" என்றார்.

"அப்படின்னா கொஞ்ச நாளைக்குக் கார் ஓட்டாதீங்க சித்தப்பா" என்றேன்.

"ஓட்டுறதுல பிரச்சினையே இல்லம்மா. ஏறி இறங்குறதுதான் பிரச்சினை. நீ இன்ஜினியரிங் படிக்கிற பொண்ணுதானே, எண்ணிப் பாரு."

எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளில் மூன்று வீடுகள். வீட்டிலிருந்து புறப்பட்டு, மூன்று இடங்களுக்குப் போய், திரும்பி வர நான்கு பயணங்கள். ஒவ்வொரு பயணத்திலும் நாற்காலியிலிருந்து கார் இருக்கைக்கு ஒரு முறை, இருக்கையிலிருந்து நாற்காலிக்கு ஒரு முறை என உடலைக் கையால் தூக்கி மாற்ற வேண்டும். ஆக, நாளுக்கு எட்டு முறை. வாரத்தில் ஐந்து நாளுக்கு நாற்பது முறை. இதுபோக, ஒவ்வொரு முறையும் நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றி, சட்டகத்தை மடிக்கு மேலே தூக்கிப் பக்கத்து இருக்கையில் போட வேண்டும். நடக்க முடியாதவரின் தோள்தான் அவருக்குக் காலும்கூட. அது தேய்ந்தால் மாற்று கிடையாது.

இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவியான நான், கையால் பிரேக் போட ஒரு கருவி இருந்தால் மாற்றுத்திறனாளியின் ஓட்டுநர் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கருவி எளிமையானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு நெம்புகோல். முன்னே தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம். மறு கையால் ஸ்டீயரிங்கில் உள்ள குமிழைப் பிடித்துத் திருப்பலாம். ஆனால், இருக்கைக்கு மாற முடியாதவருக்கு இதனால் என்ன பயன்?

அன்று இரவே தேடத் தொடங்கினேன். சக்கர நாற்காலியோடு காருக்குள் போய், அதில் உட்கார்ந்தபடியே ஓட்ட முடியுமா? முடியும். அதுவும் நேற்று வந்த கண்டுபிடிப்பு அல்ல.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வினாமாக் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர் ரால்ப் பிரான். 1940இல் பிறந்தவர். சிறுவயதிலேயே தசைச்சிதைவு நோய் கண்டறியப்பட்டு, 14 வயதில் சக்கர நாற்காலிக்கு மாறினார். 20 வயதில், அதாவது இப்போது எனக்கு இருக்கும் வயதில், தனக்காகப் பேட்டரியில் ஓடும் ஸ்கூட்டர் ஒன்றைச் செய்துகொண்டார். பின்னர், பழைய அஞ்சல் ஜீப் ஒன்றில் தூக்கி ஒன்றைப் பொருத்தி, ஸ்கூட்டரோடு உள்ளே ஏறி, கையாலேயே ஓட்டி வேலைக்குப் போனார். 1970இல் டாட்ஜ் வேனுக்கு ஏற்ற தூக்கியை உருவாக்கினார். 1991இல் அவருடைய நிறுவனம் தளம் தாழ்த்தப்பட்ட சிறிய வேனை அறிமுகப்படுத்தியது. தன் தேவைக்காக அவர் தொடங்கிய வேலை, பெரிய தொழிலாக வளர்ந்தது.

இதைப் படித்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. வடிவமைப்புப் பாடத்தின் செமஸ்டர் திட்டமாக இதையே எடுத்துக்கொள்ள என் குழுவில் மற்ற மூவரும் சம்மதித்தார்கள். ஒருவரின் அப்பாவிடம் ஏழு பேர் அமரும் வேன் இருந்தது. அளவு நாடாவோடு கிள்ளானுக்குப் போனோம்.

தரையிலிருந்து, நாற்காலியில் அமர்ந்திருக்கும் சித்தப்பாவின் உச்சந்தலை வரை 132 செண்டிமீட்டர். வேனின் தளத்திலிருந்து கூரை வரை 119. குறைவது 13 செண்டிமீட்டர். "அவ்வளவுதானே, தளத்தை வெட்டி இறக்கிடலாம்" என்றேன் நான்.

எங்கள் விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தத் தளம் என்ன வேலை செய்கிறது?"

இன்றைய கார்களில் தளம் வெறும் தகரம் அல்ல. கூரை, பக்கச் சுவர் எல்லாவற்றோடும் ஒன்றாகச் சேர்ந்து, மோதலின் விசையைத் தாங்குவதும் அதுதான். அதை வெட்டினால் அதே வலுவைத் தரும் புதிய கட்டமைப்பு வேண்டும். கீழே போகும் புகைபோக்கி, எரிபொருள் கலன், குழாய்கள் எல்லாவற்றுக்கும் புதிய இடம் வேண்டும். தளம் இறங்கினால் சாலை மேடுகளில் அடிபடாதபடி சஸ்பென்ஷனையும் மாற்ற வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் 25 செண்டிமீட்டருக்கும் மேல் தளத்தை இறக்குகின்றன. ஆனால் வேனின் பாதி உடலைப் புதிதாகச் செய்துதான் அதைச் சாதிக்கின்றன. அதனால்தான் விலையும் அப்படி ஏறுகிறது.

அடுத்த சிக்கல், நாற்காலியை எப்படிப் பிடித்து வைப்பது? பயணியாக வருபவரின் நாற்காலியை இன்னொருவர் நான்கு பட்டைகளால் கட்டலாம். தனியே ஓட்டுபவருக்குக் கட்டிவிட யார் இருக்கிறார்கள்? அதனால் நாற்காலியின் அடியில் ஓர் உலோக முளையைப் பொருத்துகிறார்கள். நாற்காலியை ஓட்டுநர் இடத்துக்கு உருட்டினால், அந்த முளை தளத்தில் உள்ள பூட்டில் தானாகச் சிக்கிக்கொள்ளும். இறங்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் விடுவிக்கும்.

அந்தப் பூட்டு எவ்வளவு தாங்க வேண்டும்? ஐஎஸ்ஓ 7176-19 என்ற அனைத்துலகத் தரநிலையில், மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் மோதும் சோதனை உண்டு. புவியீர்ப்பைப்போல் சுமார் 20 மடங்கு விசை அதில் செயல்படுகிறது. 120 கிலோ எடையுள்ள மின்சார நாற்காலி என்றால், அந்தக் கணத்தில் 2,400 கிலோ பாரம்போல் முன்னே பாயும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, பட்டறையில் பற்றவைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சை எங்கள் குழுவில் யாரும் எடுக்கவில்லை.

பெரிய தவறு இன்னொன்று இருந்தது, அதுவும் என்னுடையது. தலைக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளியை மட்டுமே நான் கணக்கிட்டிருந்தேன். கணினியில் வரைந்த படத்தைப் பார்த்த சித்தப்பா, "தலை இடிக்காது, சரி. என் கண்ணு எங்க இருக்கு பாரு. இப்படி உட்கார்ந்தா எனக்கு சாலை விளக்கே தெரியாதே" என்றார். கண்கள் முன்கண்ணாடியின் மேல் விளிம்புக்கு நேராக இருந்தன. முழங்கால் ஸ்டீயரிங்குக்கு அடியில் போகவில்லை. மூன்று வாரமாக நால்வரும் பார்த்த படத்தில், நாற்காலியில் வாழ்பவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தார். அவரை முதல் நாளே வரைபடத்தின் முன் உட்கார வைத்திருக்க வேண்டும்.

கைகளுக்கும் வலு இல்லாதவர்களுக்குக்கூட வழி இருக்கிறது. ஜெர்மனியின் பாராவான் நிறுவனம் உருவாக்கிய ஸ்பேஸ் டிரைவ் அமைப்பில், சிறிய ஜாய்ஸ்டிக்கின் அசைவு மின் சமிக்ஞையாகப் போய்க் காரைத் திருப்புகிறது, நிறுத்துகிறது. ஒரு சுற்று பழுதானாலும் வேறொன்று வேலை செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். ஆக, தொழில்நுட்பம் இருக்கிறது. அது நம் ஊர் விலைக்கும் நம் ஊர் வாகனத்துக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் நம் நாட்டில் 2008இல் வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய ஐநா உடன்படிக்கையை 2010இல் மலேசியா ஏற்றது. அதன் 20ஆம் பிரிவு, தாங்கக்கூடிய செலவில் சுயமாகப் போய்வரும் வசதியைப் பற்றிப் பேசுகிறது. உள்நாட்டுத் தயாரிப்புக் கார்களுக்குச் சாலை வரி விலக்கும் உண்டு. நல்ல உதவிதான், ஆனால் வரி விலக்கு தளத்தை இறக்காது. இனி வரும் மின்சாரக் கார்கள் பலவற்றில் பேட்டரி தளத்துக்கு அடியில்தான் இருக்கிறது. வடிவமைக்கும்போதே யோசிக்காவிட்டால், பிறகு வெட்டவும் இடமிருக்காது. இந்தத் துறைக்குப் போகும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

எங்கள் அறிக்கையின் முடிவு: இந்த வேனை எங்களால் பாதுகாப்பாக மாற்ற முடியாது. அதற்குப் பதிலாக, பின்னால் நகர்ந்து நாற்காலியை நோக்கித் திரும்பும் மின் இருக்கையைப் பரிந்துரைத்தோம். உயரம் சமமாக இருந்தால் தோளுக்குச் சுமை குறையும். ஆனால், எட்டு முறை எட்டாகத்தான் இருக்கும்.

சித்தப்பா இப்போது வாரத்தில் மூன்று நாள் மட்டும் வெளியே போகிறார். மற்ற நாள்களில் மாணவர்கள் அவர் வீட்டுக்கு வருகிறார்கள். கொண்டுவந்து விட ஆளில்லாத இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஒருவன் கணிதத்தில் கெட்டிக்காரன் என்று அவருக்கு வருத்தம்.

அடுத்த செமஸ்டரில் இதே திட்டத்தைத் தொடர்கிறோம். இந்த முறை கண்ணின் உயரத்திலிருந்து தொடங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் சித்தப்பா தொலைபேசியில் அழைக்கிறார். நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்கிறார்: "என்னம்மா, தளம் இறங்கிச்சா?"