மகுடத்திலிருந்து திரைக்கு: ஏழாவது விதி மூடிவைத்த வாசல்

1954 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி நகரில் நடைபெற்ற மிஸ் அமெரிக்கா அழகிப் போட்டி, முதன்முறையாக நாடு முழுவதும் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. ஏறத்தாழ 2.7 கோடிப் பேர் அதைக் கண்டனர். கலிபோர்னியாவைச் சேர்ந்த 19 வயது கல்லூரி மாணவி லீ மெரிவெதர் 1955ஆம் ஆண்டுக்கான மகுடத்தைச் சூடினார். நடுவர்களுள் ஒருவர் நடிகை கிரேஸ் கெல்லி.

அந்த இரவுக்குப் பின் மெரிவெதரின் வாழ்க்கை விரைந்து மாறியது. அடுத்த ஆண்டே என்.பி.சி. தொலைக்காட்சியின் புகழ்பெற்ற காலை நிகழ்ச்சியான ‘டுடே’யில் அவருக்கு இடம் கிடைத்தது. புகழ்பெற்ற ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்கிடம் நடிப்புப் பயின்றார். 1959இல் ‘4டி மேன்’ திரைப்படத்தில் கதாநாயகியானார். 1966இல் ‘பேட்மேன்’ திரைப்படத்தில் கேட்வுமன் வேடம் ஏற்றார். ‘தி டைம் டனல்’, ‘பார்னபி ஜோன்ஸ்’ ஆகிய தொடர்கள் அவரை வீட்டுக்கு வீடு அறிந்த முகமாக்கின.

மெரிவெதரின் திறமையையோ உழைப்பையோ ஐயுற வேண்டியதில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த மேடையின் வாயிலில் யார் நிற்க முடிந்தது?

1930களில் மிஸ் அமெரிக்கா அமைப்பு வகுத்த விதிகளுள் ஏழாவது, போட்டியாளர் நல்ல உடல்நலம் உடையவராகவும் வெள்ளை இனத்தவராகவும் இருக்க வேண்டும் என்றது. அதற்கு முன்பே, 1923இல், கறுப்பின மக்கள் இந்த மேடையில் தோன்றியிருக்கிறார்கள். இசை நிகழ்ச்சி ஒன்றில், அடிமைகளாக. வெள்ளையராகக் கருதப்பட்டவர்களுக்குள்ளும் படிநிலை இருந்தது. 1945இல் வென்ற முதல் யூதப் பெண்ணான பெஸ் மையர்சனிடம், யூத அடையாளம் தெரியாதபடி பெயரை மாற்றிக்கொள்ளுமாறு போட்டி முடிவதற்கு முன்பே கேட்கப்பட்டது. அவர் மறுத்தார்.

ஏழாவது விதி 1950இல் நீக்கப்பட்டது. ஆனால் தேசிய மேடையில் ஒரு கறுப்பினப் பெண் போட்டியாளராக நின்றது 1970இல்தான். அவர் அயோவா மாநிலத்தின் செரில் பிரவுன். இடையில் கழிந்தவை இருபது ஆண்டுகள்.

சட்டம் பயின்றோர் ஊன்றிப் பார்க்க வேண்டியது இந்த இருபது ஆண்டுகளைத்தான். மிஸ் அமெரிக்கா மேடையை ஒருவர் நேரடியாக அடைய முடியாது. மெரிவெதரும் முதலில் சான் பிரான்சிஸ்கோ நகரப் போட்டியிலும், பிறகு கலிபோர்னியா மாநிலப் போட்டியிலும் வென்றே அங்கு வந்தார். உச்சியில் எழுதப்பட்ட விதி அழிக்கப்பட்டாலும், நகரத்திலும் மாநிலத்திலும் தேர்வு செய்தவர்களின் கண்களில் அது அழியவில்லை. எழுதப்பட்ட விலக்கை எதிர்த்து வாதிடலாம். எழுதப்படாத விலக்கு, ‘தகுதியானவர் எவரும் வரவில்லை’ என்று சொல்லித் தப்பிவிடும்.

இதே காலத்தில் எர்தா கிட் வேறொரு பாதையில் வந்தார். தெற்குக் கரோலினாவில் பிறந்து, பருத்தி வயல்களில் வேலை செய்து, பின்னர் நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்த கறுப்பினப் பெண் அவர். மகுடமும் உதவித்தொகையும் அவருக்கு வழிதிறக்கவில்லை. கேத்ரின் டன்ஹாமின் நடனக் குழுவே அவருடைய பள்ளியாயிற்று. 1967இல், ‘பேட்மேன்’ தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் பருவத்தில், மெரிவெதர் ஏற்ற அதே கேட்வுமன் வேடம் அவரிடம் வந்தது. ஆனால் பேட்மேனுக்கும் கேட்வுமனுக்கும் இடையே முன்பு இருந்த காதல் சாயல், கிட் நடித்த பகுதிகளில் ஏறத்தாழ மறைந்துபோனது. வெள்ளையர்–கறுப்பர் உறவைத் திரையில் காட்டத் தடை விதித்திருந்த ஹாலிவுட் தணிக்கை நெறி 1956இலேயே தளர்ந்துவிட்டது. கலப்புத் திருமணத் தடைச் சட்டங்கள் செல்லாவென அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967 ஜூனில் தீர்ப்பளித்திருந்தது. சட்டம் மாறியது, வழக்கம் மாறவில்லை.

1968 ஜனவரியில் வெள்ளை மாளிகை விருந்து ஒன்றில் கிட் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசினார். அதன்பின் அமெரிக்காவில் அவருக்கு வாய்ப்புகள் வற்றின. பல ஆண்டுகள் அயல்நாட்டு மேடைகளை நம்பியே வாழ்ந்தார். அவரைப் பற்றி சி.ஐ.ஏ. கோப்பு ஒன்றைத் தொகுத்திருந்தது 1975இல் அம்பலமானது. ஒடுக்கப்பட்டோருக்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு எளிதில் பறிக்கப்படக்கூடியது என்பதற்கு இதுவே சான்று.

அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு குடியுரிமைகள் சட்டத்தின் ஏழாம் பகுதி, தனியார் வேலைவாய்ப்பிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதன்கீழ் அமைந்த சமவேலைவாய்ப்பு ஆணையம் 1969இல் லாஸ் ஏஞ்சல்ஸில் திரைத்துறை குறித்து விசாரணை நடத்தி, வழக்குத் தொடருமாறு நீதித்துறை அமைச்சகத்திற்குப் பரிந்துரைத்தது. முடிவில் வழக்கு வரவில்லை. 1970இல் இலக்குகளைக் கொண்ட தன்னார்வ உடன்பாடே வந்தது. ஆயினும், தனியார் முதலாளியை நோக்கிக் கேள்வி கேட்க அங்கே ஒரு சட்டம் இருந்தது.

நமது அரசமைப்பின் 15(1), 16 ஆகிய பிரிவுகள் அரசை நோக்கியே பேசுகின்றன. 15(2) பொது இடங்களின் கதவைத் திறக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கொடுமை நிகழ்ந்த பின் தண்டிக்கிறது. தனியார் துறையின் பணித்தேர்வில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் முழுமையான தனிச்சட்டம் இங்கே இல்லை. திரைத்துறையும் ஊடகமும் தனியார் துறையே. அங்கே ‘முகம் பொருந்தவில்லை’ என்ற ஒரு சொல்லால் ஒருவரை வெளியேற்றிவிடலாம்.

1968 செப்டம்பரில், மிஸ் அமெரிக்கா நடந்த அதே நாளில் அதே நகரில், கறுப்பின மக்கள் ‘மிஸ் பிளாக் அமெரிக்கா’ என்ற தனிப் போட்டியை நடத்தினர். பெண்ணின் உடலை மதிப்பெண்ணுக்கு நிறுத்தும் போட்டி விடுதலை தருமா என்ற பெண்ணியக் கேள்வி அன்றும் எழுந்தது. அது நியாயமான கேள்வி. ஆனால் அந்த மேடை கல்வி உதவித்தொகைக்கும் வேலைக்கும் புகழுக்கும் வாசலாக இருந்தவரை, அதிலிருந்து விலக்கப்படுவது அழகு பற்றிய சிக்கலன்று. வாழ்வாதாரம் பற்றிய சிக்கல்.

முதல் கறுப்பின மிஸ் அமெரிக்காவாக வனெசா வில்லியம்ஸ் மகுடம் சூடியது 1983இல். விதி நீங்கி 33 ஆண்டுகள் கடந்திருந்தன. வென்றவரின் தகுதியைப் போற்றுவோம். கூடவே, அந்த 33 ஆண்டுகளில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் தகுதியை யார் அளந்தார்கள் என்றும் கேட்போம்.