ஏலக்காய் விலையும் மாறிகளின் பயணமும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் தமிழ்நாட்டின் தேனி மாவட்டமும் சந்திக்கும் மலைப்பகுதி ஏலக்காய் விளையும் நிலமாகும். உடும்பன்சோலை, வண்டன்மேடு, பூப்பாறை ஆகிய ஊர்களின் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல உழைக்கின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய வழிகளில் தொழிலாளர் நாள்தோறும் மலையேறி வருகின்றனர். அவர்கள் பறிக்கும் காய் உலர்த்தப்பட்டு, இடுக்கியிலுள்ள புற்றடிக்கும் தேனியிலுள்ள போடிநாயக்கனூருக்கும் ஏலத்திற்குச் செல்கிறது.

இங்கு ஒரு சொல் நயம் உண்டு. செடியைக் குறிக்கும் ‘ஏலம்’ தமிழில் தொன்றுதொட்டு வழங்கும் சொல். விற்பனையைக் குறிக்கும் ‘ஏலம்’ போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொல். இரண்டும் ஒலியால் ஒன்றாகிப் புற்றடியில் ஒரே கூடத்தில் சந்திக்கின்றன.

விலை ஊருக்குத் தெரியும் வழி

இவ்விரு ஊர்களிலும் ஏலம் இப்போது கணினி வழியே நடைபெறுகிறது. வணிகர்கள் காயின் மாதிரியைப் பார்த்துத் தத்தம் கணினியில் விலை கேட்கின்றனர். ஏலத்தை நெறிப்படுத்தும் நறுமணப் பொருள்கள் வாரியம், 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1987இல் தோன்றியது. அதன் தலைமையகம் கொச்சியில் உள்ளது. ஏலம் நடந்த நாள், நடத்திய நிறுவனம், வந்த அளவு, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை ஆகியவற்றை வாரியம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. சிறு விவசாயி ஒருவர் காயை இன்று விற்பதா, சில நாள் காத்திருப்பதா என்று முடிவுசெய்ய அந்த எண்களே துணை. ஒரு கிலோவுக்கு 100 ரூபாய் தவறாகக் காட்டப்பட்டால், 150 கிலோ வைத்திருப்பவரின் கணக்கு 15,000 ரூபாய் பிழைபட்டுவிடும்.

ஆகவே, ஒரு கணினியில் கணக்கிடப்பட்ட எண் மற்றோர் இடத்திலுள்ள இணையப்பக்கத்தைப் பிழையின்றிச் சென்றடைய வேண்டும். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை எளிய எடுத்துக்காட்டு ஒன்றால் அறியலாம்.

குறுநிரலும் மாறியும்

விரிதாளில் மீண்டும் மீண்டும் செய்யும் வேலையைத் தானே செய்து முடிக்கும் கட்டளைத் தொகுப்பே குறுநிரல். இதனை ‘மேக்ரோ’ என்றும் வழங்குவர். மதிப்பை இட்டு வைக்கும் பெயருள்ள பெட்டி ‘மாறி’ எனப்படும்.

100 கிலோ காய் கிலோ 2000 ரூபாய்க்கும், 50 கிலோ காய் கிலோ 2600 ரூபாய்க்கும் விற்றதாகக் கொள்வோம். இரு விலைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 2300 வரும். அது சரியான சராசரி அன்று. மொத்தத் தொகையாகிய 3,30,000 ரூபாயை மொத்த எடையாகிய 150 கிலோவால் வகுக்க வேண்டும். அப்போது கிடைக்கும் 2200 ரூபாயே உண்மைச் சராசரி. குறுநிரல் இதனைக் கணக்கிட்டு ‘சராசரி’ என்னும் மாறியில் வைக்கிறது.

முகவரியில் ஏறிச் செல்லும் மதிப்பு

குறுநிரலின் மாறியை இணையப்பக்கம் நேரே எட்டிப் பார்க்க இயலாது; இரண்டும் தனித்தனி வீடுகள். எனவே, மதிப்பை எடுத்துச் செல்ல ஒரு வழி வேண்டும். பக்கத்தின் முகவரிக்குப் பின்னே அதனை இணைத்து அனுப்புவது எளிய வழி:

?வரத்து=150&சராசரி=2200

‘?’ என்னும் குறி மதிப்புகள் தொடங்குவதைக் காட்டும். ‘=’ பெயரையும் மதிப்பையும் இணைக்கும். ‘&’ ஒரு மாறியை அடுத்த மாறியிலிருந்து பிரிக்கும். இணையப்பக்கத்தில் உள்ள நிரல் இவ்வரியைப் பிரித்துப் படித்து, உரிய இடத்தில் காட்டும்.

அஞ்சலட்டையில் எழுதியதை வழியில் எவரும் படிக்கலாம். குறியாக்கம் செய்யப்படாத இணைப்பில் முகவரியில் எழுதிய மதிப்பும் அத்தகையதே. உலாவியின் வரலாற்றிலும் அது தங்கிவிடும். ஆதலால் கடவுச்சொல், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை முகவரியில் அனுப்பலாகாது. அவற்றைப் படிவத்தின் உள்ளே வைத்து, குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்பின் வழியே அனுப்ப வேண்டும்.

வழியில் நேரும் பிழைகள்

பெயர் மாறுதல்: குறுநிரல் ‘சராசரி’ என அனுப்ப, பக்கம் ‘சராசரிவிலை’ எனத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இருபுறமும் பெயர் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

காற்புள்ளி: ‘2,200’ என அனுப்பினால், சில நிரல்கள் காற்புள்ளியோடு நின்று 2 என்றே கொள்ளும்.

எண்ணும் எழுத்தும்: முகவரியில் வரும் மதிப்பு எழுத்துத் தொடராகவே வந்து சேரும். காலை வரத்து 150, மாலை வரத்து 200 எனில், எண்ணாக மாற்றாமல் கூட்டும்போது 350க்கு மாறாக 150200 எனத் தோன்றக்கூடும்.

சிறப்புக் குறிகள்: ஒரு நிறுவனத்தின் பெயரில் ‘&’ இருந்தால், பக்கம் அதனைப் பிரிப்புக் குறி எனக் கருதிப் பெயரைப் பாதியில் வெட்டிவிடும். அதனை %26 என மாற்றி அனுப்புதல் வேண்டும்.

தமிழ் எழுத்துகளும் இவ்வாறே மாற்றம் பெறுகின்றன. ‘விலை’ என்னும் சொல் நமக்கு இரண்டு எழுத்து. கணினிக்கோ வ, இகரக் குறி, ல, ஐகாரக் குறி என நான்கு குறியீடுகள். ஒருங்குறியின் வழக்கமான சேமிப்பு முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம்பெறும். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று குறிகளாக எழுதப்படும். எனவே ‘விலை’ 36 குறிகளாகப் பயணம் செய்து, மறுபுறம் மீண்டும் ‘விலை’ ஆகிறது. இரு முனைகளும் ஒரே முறையைப் பின்பற்றாவிடில் தமிழ் சிதைந்து, படிக்க இயலாத குறிகளே எஞ்சும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தாலும், வந்த மதிப்பைப் பக்கம் அப்படியே நம்பிவிடக் கூடாது. முகவரியை எவரும் திருத்தலாம். விலை எண்தானா, இயல்பான அளவில் உள்ளதா என்று சோதித்த பின்னரே ஏற்க வேண்டும். தராசின் முள்ளைப் பார்த்த பின்னரே எடையை ஒப்புக்கொள்ளும் தோட்டத் தொழிலாளியின் வழக்கம் கணினிக்கும் பொருந்தும்.

பொருள் அறிக
மாறி – மதிப்பை ஏற்று வைக்கும் பெயர்
விரிதாள் – கட்டங்களில் கணக்கிடும் கணினித் தாள்
உலாவி – இணையப்பக்கத்தைக் காட்டும் மென்பொருள்
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை

பயிற்சி
1. ‘ஏலம்’ என்னும் சொல்லின் இரு பொருள்களையும் தனித்தனி வாக்கியத்தில் அமைத்து எழுதுக.
2. 60 கிலோ கிலோ 2000 ரூபாய்க்கும், 40 கிலோ கிலோ 2500 ரூபாய்க்கும் விற்றால் உண்மைச் சராசரி விலை யாது?
3. ‘மிளகு’ என்னும் சொல் முகவரியில் எத்தனை குறிகளாக மாறும்? காரணம் கூறுக.
4. கடவுச்சொல்லை முகவரியில் அனுப்பலாகாது, ஏன்?
5. கொழிஞ்சாம்பாறை, சித்தூர் முதலிய பாலக்காட்டு எல்லை ஊர்களிலோ உம் ஊரிலோ விற்கும் விளைபொருள் ஒன்றன் பெயர், எடை, விலை ஆகியவற்றை மாறிகளாகக் கொண்டு ஒரு முகவரி வரி எழுதுக.